நாயும் நாமும் – 17: சட்டத்தின் கையில் கத்தி

சென்ற வாரம் அமெரிக்க விலங்குக் காப்பகங்களின் கடைசி அறை வரை போனோம். யாரும் தேடி வராத நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டு உயிரை முடிக்கிற அறை. அதைப் படித்த எவருக்கும் அடுத்து எழும் கேள்வி இதுதான்: “எல்லா நாய்க்கும் கட்டாயமாகக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் என்ன?”

கலிபோர்னியாவில் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். 2007 பிப்ரவரியில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஏ.பி. 1634 என்ற மசோதா வந்தது. கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து உறுப்பினர் லாயிட் லெவின். நாயோ பூனையோ நான்கு மாதம் தாண்டினால் கருத்தடை செய்தாக வேண்டும். தவறினால் 500 டாலர் அபராதம். வயது வரம்பு பின்னர் ஆறு மாதமானது. கண்காட்சிப் போட்டிகளுக்குப் போகும் பதிவுபெற்ற நாய்கள், போலீஸ் நாய்கள், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்கள், உடல்நிலை இடம் கொடுக்காதென்று மருத்துவர் சான்று தந்தவை ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதிச் சீட்டுடன் விலக்கு. காப்பகங்களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான உயிர்கள் கொல்லப்படுகின்றன, இதற்கு மக்கள் வரிப்பணத்தில் 25 கோடி டாலர் போகிறது என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். தொலைக்காட்சிப் புகழ் பாப் பார்க்கர் முன்னால் நின்று பிரசாரம் செய்தார். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எதிர்ப்பு கிளம்பியது. அதுவும் நாயை உயிராக நேசிப்பவர்களிடமிருந்து கிளம்பியது. ‘பெட்பேக்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு உருவானது. அமெரிக்கன் கென்னல் கிளப், ஊர் ஊராக இருந்த நாய் வளர்ப்போர் சங்கங்கள், வேட்டைக்காரர்கள், ஆட்டுப் பண்ணைக்காரர்கள் எனப் பலரும் தலைநகர் சேக்ரமெண்டோவுக்குத் திரண்டார்கள். கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் உறுப்பினர்களின் அலுவலகங்களில் குவிந்தன. முதலில் மசோதாவை ஆதரித்த மாநிலக் கால்நடை மருத்துவர் சங்கம், சொந்த உறுப்பினர்களின் எதிர்ப்பைப் பார்த்து ஆதரவை விலக்கிக்கொண்டது.

இவர்கள் சொன்ன காரணங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பண்ணைக்காரர்களுடையது. பார்டர் கோலி என்ற ஆடு மேய்க்கும் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது நல்ல மேய்ப்பு நாயா என்பது குட்டியாக இருக்கும்போது தெரியாது. மந்தையைப் பார்த்து உடலைத் தாழ்த்திப் பதுங்குகிறதா, பார்வையாலேயே ஆட்டை நிறுத்துகிறதா, சீழ்க்கை கேட்டால் பாதி ஓட்டத்தில் நிற்கிறதா, ஆடு முட்ட வந்தால் பின்வாங்குகிறதா, மலைச்சரிவில் நாள் முழுக்க ஓடிய பிறகும் வேலையில் ஆசை இருக்கிறதா என்பதெல்லாம் ஒன்றரை, இரண்டு வயதில்தான் பிடிபடும். இடுப்பு எலும்பு சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்வதும் இரண்டு வயதில்தான். அதற்குப் பிறகே இது குட்டி போட வேண்டிய நாய் என்று பண்ணைக்காரர் முடிவெடுக்கிறார். ஆறு மாதத்தில் ஆபரேஷன் கட்டாயம் என்றால், எது நல்ல நாய் என்று தெரிவதற்கு முன்பே அதன் வம்சத்தை முடிக்கச் சொல்கிறது சட்டம். பல வேலை நாய்களின் வம்சம் கண்காட்சி மேடையில் வளர்ந்ததும் இல்லை. அழகுக்குப் பரிசு வாங்கிய நாய்க்கு விலக்கு எளிது. மேய்ச்சல் நிலத்தில் பெயர் வாங்கிய நாய்க்குக் கஷ்டம். தெருவில் கண்டெடுத்து வளர்த்த ஆரோக்கியமான கலப்பின நாய்க்கோ வழியே இல்லை. அப்படியானால் நாளைக்குக் குட்டி எங்கிருந்து வரும்? வியாபாரத்துக்காக நாய்களை ஓயாமல் குட்டி போட வைக்கும் வெளிமாநிலக் ‘குட்டித் தொழிற்சாலை’களிலிருந்தும், மெக்சிகோ எல்லை வழியாகக் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்படும் கூடைகளிலிருந்தும் வரும் என்றார்கள். அந்தக் கடத்தல் அப்போதே நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் உடல்நலம். ஆபரேஷனில் ஆண் நாய்க்கு விதைகளும் பெண் நாய்க்குச் சூலகமும் கர்ப்பப்பையும் அகற்றப்படுகின்றன. அதோடு ஹார்மோனும் நின்றுபோகிறது. எலும்பு வளர்ச்சி போதும் என்று சொல்ல வேண்டியது அந்த ஹார்மோன்தான். அது இல்லாவிட்டால் கால் எலும்பு இயல்பைவிடச் சற்று அதிகம் நீள்கிறது, மூட்டின் கோணம் மாறுகிறது. 2013-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்த ஆண் நாய்களில் பத்துக்கு ஒன்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு; செய்யாதவற்றைப் போல இரு மடங்கு. முழங்கால் தசைநார் கிழிவது, ஆபரேஷன் செய்யாத நாய்களில் ஒன்றில்கூட இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர் இறந்துபோன 40 ஆயிரம் நாய்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆபரேஷன் செய்தவை சராசரியாக ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தன. கர்ப்பப்பையில் சீழ் கட்டிச் சாகும் பெண் நாயைப் பார்த்தவர்கள் ஆபரேஷனை லேசாக எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆக, இது நாய்க்கு நாய், இனத்துக்கு இனம், வயதுக்கு வயது மாறும் முடிவு. வளர்ப்பவரும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் 2009-ல் இதே நிலைப்பாட்டை எடுத்தது: ஆபரேஷனை ஊக்குவிக்கலாம், வீட்டு நாய்க்குக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டாம்.

எனக்கு இவற்றைவிடப் பெரியதாகப் படுவது காசு. அமெரிக்காவில் ஆபரேஷன் செய்யாமல் விடுபவர்களில் பெரும்பாலோர் கொள்கைக்காக விடுவதில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் பல நூறு டாலர் ஆகும். கையில் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் மீது 500 டாலர் அபராதம் போட்டால் என்ன செய்வார்கள்? நாயை மறைப்பார்கள், லைசென்ஸ் எடுக்க மாட்டார்கள். அந்த லைசென்ஸோடு சேர்ந்ததுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதுவும் போய்விடும். அல்லது நாயைக் காப்பகத்தின் வாசலில் விட்டுவிடுவார்கள். எந்த அறையை மூட நினைத்து எழுதிய சட்டமோ, அதே அறைக்கு நாய் போய்ச் சேரும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1971-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி குறைந்த கட்டணத்தில் கருத்தடை ஆஸ்பத்திரி திறந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1994-ல் நாய் லைசென்ஸ் கட்டணத்தில் இரண்டு டாலர் கூட்டி, அந்தப் பணத்தில் ஏழைகளின் நாய், பூனைகளுக்குச் சொற்பக் கட்டணத்தில் ஆபரேஷன் செய்து கொடுத்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சில ஆண்டுகளிலேயே அங்கே காப்பகக் கொலைகள் பெருமளவு குறைந்தன. 1970-களில் நாடு முழுவதும் கோடிக்கு மேல் இருந்த கொலைகள் 2007-க்குள் சில பத்து லட்சங்களாக இறங்கியதற்கும் பெரும்பாலும் மக்கள் தாங்களே விரும்பிச் செய்துகொண்ட ஆபரேஷன்கள்தான் காரணம்.

அதற்காக எதிர்ப்பாளர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அந்தக் கூட்டத்தில் குட்டி விற்றுப் பிழைப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு உரிமை என்ற பேச்சு வியாபாரத்துக்கு நல்ல கவசமாக அமைந்தது. காப்பகத்தில் சாகும் நாயைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2005-ல் ஒரு சிறுவன் பிட்புல் கடித்து இறந்த பிறகு, அந்த இனத்துக்கு மட்டும் நகரம் கருத்தடையைக் கட்டாயமாக்கியது. காப்பகத்துக்கு வரும் பிட்புல் எண்ணிக்கை அங்கே குறைந்தது. எங்கே எந்த நாய் மிதமிஞ்சிப் பெருகுகிறதோ அங்கே குறிபார்த்துச் செய்தால் பயன் உண்டு என்பதை எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மசோதா 2007 ஜூனில் கீழவையை மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தாண்டியது. மேலவைக் குழுவில் ஆதரவு இல்லை என்று தெரிந்ததும் லெவின் அதை நிறுத்திவைத்தார். எவ்வளவோ நீர்த்துப்போன வடிவில் மறு ஆண்டு மீண்டும் வந்தபோது, ஆகஸ்டில் மேலவை தோற்கடித்தது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2008 பிப்ரவரியிலேயே நான்கு மாத வரம்புடன் தன் சொந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டது. நாய் வளர்ப்போர் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் இன்றும் இருக்கிறது. நகரக் காப்பகங்களில் நெரிசலும் இருக்கிறது.

இந்த வாதம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2024 மார்ச் 12 அன்று மத்தியக் கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ராட்வைலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தடை. வீடுகளில் ஏற்கெனவே வளர்ப்பவற்றுக்குக் கருத்தடை. பட்டியலில் ‘டெரியர்’ என்று மொத்தமாக ஒரு வரி. மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் யார்க்‌ஷயர் டெரியரும் அந்த வரிக்குள் வரும். நாய் வளர்ப்போர் நீதிமன்றங்களுக்கு ஓடினார்கள். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று சொல்லிக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் 10-ல் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறியபோது வாதம் மறுபடி தொடங்கியது.

அந்தச் சிறுமியின் பக்கம் நின்றும், நாயின் பக்கம் நின்றும் அடுத்த வாரம் பேசுவோம். அதற்குள் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நாய் இருந்தால், சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய் எந்த வயதில் ஆபரேஷன் செய்யலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)