முதலில் கேள்வி, பிறகு படம்: நாமே ஒரு போக்கிமான் உருவாக்கலாமா?

போன மே மாத லீவுக்கு அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். வந்த மறுநாளே ஒரு நோட்டைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல் வைத்தான். இரண்டு தலை, நான்கு இறக்கை, மின்னல் வடிவத்தில் வால். அவனே கண்டுபிடித்த போக்கிமான். பக்கத்தில் ஆறு எண்கள். ஆறுமே 150.

"யாராலயும் இதை ஜெயிக்க முடியாது மாமா" என்றான்.

"அப்புறம் யாரு உன்கூட விளையாடுவா?" என்று கேட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போக்கிமான் பற்றித் தெரியாத வாசகர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். 1996ல் ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளியான விளையாட்டு இது. டி.வி.யில் வந்த கார்ட்டூனைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டில் ஒவ்வொருவரும் ஆறு பிராணிகளை வைத்து மோதுவார்கள். ஒவ்வொரு பிராணிக்கும் உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஆறு அடிப்படை எண்கள் உண்டு. நெருப்பு, நீர், மின்சாரம் என ஒன்றோ இரண்டோ வகை, ஒரு தனித்திறன், சண்டைக்கு நான்கு வித்தைகள். அவ்வளவுதான். கடவுள் போல் காட்டப்படும் ஆர்சியஸ் என்ற பிராணிக்கே ஆறு எண்களும் 120தான், மொத்தம் 720. எங்கள் வீட்டுப் பிராணிக்கு 900!

இப்படிச் சொந்தமாகப் போக்கிமான் உருவாக்குவது சிறுவர் விளையாட்டு மட்டும் அல்ல. ஸ்மோகன் யுனிவர்சிட்டி என்று ஒரு ரசிகர் குழு 2004லிருந்து இயங்கி வருகிறது. பெயரில்தான் யுனிவர்சிட்டி, பட்டம் எல்லாம் தரமாட்டார்கள். போட்டிச் சண்டைகளை ஆராய்வதுதான் அவர்கள் வேலை. அதில் 2007ல் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு கிரியேட்-எ-போக்கிமான் என்று பெயர். சுருக்கமாக கேப். உலகெங்கும் உள்ள ரசிகர்கள் சேர்ந்து விவாதித்து, ஓட்டுப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு பிராணியை உருவாக்குவார்கள். விளையாட்டை வெளியிடும் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அவர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது. உருவாக்குவதன் மூலம் சண்டையைப் புரிந்துகொள்வதே நோக்கம்.

அவர்கள் வேலையைத் தொடங்கும் இடம்தான் என்னைக் கவர்ந்தது. படம் முதலில் வராது. எண்களும் வராது. கான்செப்ட் என்னும் கருதான் முதலில் வரும். கரு கொடுப்பவர் நான்கு விஷயங்களை எழுத வேண்டும்: ஒரு பெயர், இரண்டொரு வரி விளக்கம், இது ஏன் தேவை என்ற நியாயம், இதை உருவாக்கினால் எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் என்ற பட்டியல். "நெருப்பு வகை, வேகம் 120" என்று எழுதினால் செல்லாது. அதெல்லாம் பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை. சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று கேட்காமலே கோடு எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றிருக்கிறேன்.

உதாரணத்துக்கு மோலக்ஸ் என்ற பிராணி. மோசமானது என்று எல்லோரும் ஒதுக்கிவைக்கும் ஒரு வகைச் சேர்க்கையை எடுத்து, மற்ற அம்சங்களால் அதைப் பயனுள்ளதாக ஆக்க முடியுமா? இதுதான் கரு. நெருப்பும் விஷமும் சேர்ந்த வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலம் வகைத் தாக்குதல் அதற்கு நான்கு மடங்கு விழும். நீர், பாறை, மனோசக்தி மூன்றும் இரண்டு மடங்கு. பார்த்தால் பரிதாபம்தான். ஆனால் ட்ரை ஸ்கின் என்ற திறனைக் கொடுத்தார்கள். இந்தத் திறன் இருந்தால் நீர்த் தாக்குதல் வலிக்காது. மாறாக, உயிரில் கால் பங்கு கூடும். அடிக்க வந்த தண்ணீரே மருந்தாகிவிட்டது! அதிகாரபூர்வ விளையாட்டில் நெருப்பும் விஷமும் சேர்ந்த பிராணி 2016ல்தான் வந்தது. ரசிகர்கள் முந்திக்கொண்டார்கள்.

இன்னொன்று வூடூம். ஏற்கெனவே இருக்கும் ஒரு பிராணிக்குச் சரியான ஜோடியை உருவாக்குவது இதன் கரு. டோகெகிஸ் என்ற பறவையைத் துணையாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைய விதிப்படி டோகெகிஸுக்கு மின்சாரம், பாறை, பனி மூன்றும் ஆகாது. வூடூம் இருளும் சண்டையும் சேர்ந்த வகை என்பதால் பாறையைப் பாதி வலியோடு தாங்கும். மின்சாரத்தை உறிஞ்சி உயிரைக் கூட்டிக்கொள்ளும் திறனும் அதற்கு உண்டு. பனி மட்டும் மிச்சம். கருவைப் படித்துவிட்டு இந்த விவரங்களைப் பார்த்தால், ஒவ்வொரு முடிவும் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. நெக்டர்னா என்ற இன்னொரு பிராணி, விளையாட்டில் உள்ள வித்தைகளில் ஒன்றே ஒன்றைக் காப்பியடித்துக்கொள்ளலாம். அந்த ஒரு வித்தை எதுவாக இருக்கும் என்று தெரியாமல் எதிராளி தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பையன் தூங்கிய பிறகு எக்ஸெல் திறந்து உட்கார்ந்தேன். 18 வகைகளுக்கு 18 வரிசை, 18 பத்தி. ஒற்றை வகையும் இரட்டை வகையுமாக மொத்தம் 171 சேர்க்கைகள் வருகின்றன. நீரும் எஃகும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வேகத்துக்குத் தனியாக ஒரு கணக்கு. நூறாவது லெவலில் கிடைக்கும் உச்ச வேகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். அடிப்படை எண்ணை இரண்டால் பெருக்கி, 31ஐயும் 63ஐயும் கூட்டி, மேலும் 5 கூட்டுங்கள். வருவதை 1.1ஆல் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடுங்கள். அடிப்படை 100 என்றால் 328 வரும். 101 என்றால் 331. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் 331 உள்ளவன்தான் முதலில் அடிப்பான். வேகத்தில் 100 உள்ள பிராணிகள் நிறைய இருப்பதால் என் பிராணிக்கு 101 வைத்தேன். இரவு இரண்டு மணி வரை இதே வேலை.

காலையில் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தான். "நல்லா இருக்கு. ஆனா இது உங்க போக்கிமான் மாமா" என்றான். அன்று முழுவதும் நோட்டைத் திறக்கவில்லை. சாப்பிடும்போதுகூட என்னிடம் பேசவில்லை. அக்கா போன் செய்தபோது, "எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் இறங்கி வந்தான். போக்கிமான் ஷோடவுனில் இருவரும் விளையாடிக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஐந்து பிராணிகள் விழுந்து ஒன்றுதான் மிச்சம். "எல்லாரும் போனப்புறம் கடைசி ஆளுக்குப் பலம் வர்ற மாதிரி வெச்சா?" என்று கேட்டான். எடுத்த எடுப்பில் அருமையான கரு. ஆனால் 2022ல் வெளியான ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் இது வந்துவிட்டது. கிங்காம்பிட் என்ற பிராணிக்கு, விழுந்த ஒவ்வொரு கூட்டாளிக்கும் பத்து சதவீதம் தாக்கும் பலம் கூடும். ஹவுண்ட்ஸ்டோன் என்ற நாயின் வித்தை 50 பலத்தில் தொடங்கி, விழுந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு 50 ஏறும். ஐந்து பேர் விழுந்தால் 300! ஸ்மோகன்காரர்கள் தங்கள் பொதுப் போட்டியில் இந்த வித்தைக்கே தடை போட்டுவிட்டார்கள்.

சொன்னதும் முகம் வாடியது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப தலைகீழா வெச்சா? எல்லாரும் இருந்தா பலம், ஒவ்வொருத்தரா விழ விழக் குறையணும்."

நான் எக்ஸெலைத் தொடவில்லை. "அப்படி வெச்சா என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சண்டையின் நடுவில் பிராணியை மாற்றினால் அந்தச் சுற்று வீணாகும், புதிதாக உள்ளே வருபவன் அடி வாங்குவான். ஆனால் ஒருவன் விழுந்துவிட்டால், அடுத்தவன் அடி படாமல் வரலாம். அதனால் தேறாத ஒன்றைத் தெரிந்தே பலி கொடுப்பது நல்ல ஆட்டக்காரர்களின் வழக்கம். பையனின் பிராணி குழுவில் இருந்தால் பலி கொடுக்கவே மனம் வராது.

நோட்டில் அவனே எழுதினான். பெயர்: 'கூட்டுக் குடும்பம்'. கேள்வி ஒன்று: யாரையும் பலி கொடுக்காமல் ஜெயிக்க முடியுமா? கேள்வி இரண்டு: ஜெயிக்கிறவன் மேலும் ஜெயித்துக்கொண்டே போனால் தோற்கிறவனுக்கு என்ன வழி? இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு 150களோடு வந்த அதே பையன்தான்!

நீங்களும் முயன்று பார்க்கலாம். கூகுளில் போக்கிமான் ஷோடவுன் என்று தேடுங்கள். பிரவுசரிலேயே இயங்கும் இலவச விளையாட்டு அது. எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம், பழைய கம்ப்யூட்டரே போதும். ஒரு பெயரைக் கொடுத்து உள்ளே போங்கள். முதலில் ரேண்டம் பேட்டில் ஆடுங்கள். குழுவை அதுவே அமைத்துத் தரும். பழகிய பிறகு பட்டியலில் கேப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மோலக்ஸையும் வூடூமையும் சேர்த்து நீங்களே குழு அமைக்கலாம். போக்கிமான் பெயரில் யாராவது இ.எக்ஸ்.இ. பைல் அனுப்பினால் மட்டும் திறக்காதீர்கள், அழித்துவிடுங்கள். உங்கள் சொந்தப் பிராணியைச் சோதிக்க நோட்டும் எக்ஸெலும் போதும்.

கூட்டுக் குடும்பத்துக்கு இன்னும் வகை முடிவாகவில்லை. போன வாரம் அவனிடமிருந்து போன். "மாமா, வேகம் 100 வெக்கவா, 101 வெக்கவா?"

"உன் கரு என்ன சொல்லுது?"

"அது மெதுவாத்தான் போகணும்னு சொல்லுது" என்றான். பிறகு, கம்ப்யூட்டரில் அம்மா கரண்ட் பில் கட்டிக்கொண்டிருப்பதாகவும், முடிந்ததும் கூப்பிடுவதாகவும் சொல்லி வைத்துவிட்டான்.