சைட் பார்க்கப் போகும் ஊர்

“ஞாயித்துக்கிழமை ஃபேமிலியோட சைட் பார்க்கப் போறோம்” என்று பெங்களூரின் பொம்மனஹள்ளித் தமிழர் ஒருவர் சொல்வதைக் கேட்டால், சென்னையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளைஞனுக்குத் தூக்கிவாரிப் போடும். அவன் ஊரில் சைட் அடிப்பார்கள். அதற்கு மனைவி, பிள்ளைகள், மாமனார் சகிதமாக யாரும் கிளம்புவதில்லை.

பெங்களூரில் ‘சைட்’ என்றால் முதலில் வீட்டுமனை. மற்றதெல்லாம் பிறகுதான். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் ‘அஞ்சு சென்ட் சைட்’ என்றுதான் பேச்சு. சென்னையில் அதையே மனை என்பார்கள், பிளாட் என்பார்கள். அந்தப் பிளாட் வெறும் நிலமா, அடுக்குமாடி வீடா என்று எதிராளி ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

குழப்பத்துக்குத் தமிழர்கள் மட்டும் பொறுப்பல்ல. இடத்தைக் குறிக்கும் சைட்டும் பார்வையைக் குறிக்கும் சைட்டும் ஆங்கிலத்திலேயே ஒரே உச்சரிப்பு கொண்டவை. எழுத்தும் பிறப்பும்தான் வேறு. முன்னது ‘சிட்டுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னது ‘பார்’ என்னும் வினையோடு உறவுள்ள பழைய ஆங்கிலச் சொல். தமிழில் இரண்டும் ‘சைட்டு’ ஆகிவிட, ‘பக்கம்’ என்ற பொருள் தரும் மூன்றாவது சொல் மட்டும் ‘சைடு’ என்று மெலிந்து தனியே நின்றுகொண்டது. அதனால்தான் ‘சைடு டிஷ்’, ‘மாப்பிள்ளை சைடு’, ‘கொஞ்சம் சைடு கொடுப்பா’ ஆகியவற்றில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ‘ஷார்ட் சைட்’ என்று கண் டாக்டர் சொன்னால், சின்ன மனை என்று யாரும் எடுத்துக்கொள்வதும் இல்லை.

பொம்மனஹள்ளியில் மனை என்ற பொருளே முந்துவதற்கு அந்த ஊர் இருக்கும் இடமும் ஒரு காரணம். ஓசூர் சாலையில், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் வரும் பகுதி. ஒரு பக்கம் எச்.எஸ்.ஆர். லேஅவுட், அருகிலேயே பி.டி.எம். லேஅவுட், தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டி. கிராமமாக இருந்து, நகரசபையாகி, 2007-இல் பெங்களூரு மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர். அந்த ஆண்டில் 7 நகரசபைகளும் ஒரு பேரூராட்சியும் 110 கிராமங்களும் மாநகரத்துக்குள் வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த நிலம் சதுர அடிக் கணக்குக்கு மாறியபோது, ‘சைட்’ அன்றாடப் பேச்சில் இடம்பிடித்தது.

அளவைச் சொல்வதற்கே இங்கு தனி வழக்கு உண்டு. ‘தர்ட்டி ஃபார்ட்டி’ என்றால் 30 அடிக்கு 40 அடி, அதாவது 1200 சதுர அடி. நடுத்தரக் குடும்பத்தின் கனவு பெரும்பாலும் இந்த அளவில்தான் அடங்கும். ‘ட்வென்ட்டி தர்ட்டி’ 600 சதுர அடி. ‘ஃபார்ட்டி சிக்ஸ்டி’ வசதியானவர்களுக்கு. அதன் 2400 சதுர அடி, சென்னைக் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்ட். சென்ட் கணக்கில் பழகியவர்கள் 1200 சதுர அடியை ஏறக்குறைய 2.75 சென்ட் என்று கொள்ளலாம். அளவுக்கு அடுத்தபடி திசை. கிழக்கு பார்த்த சைட்டுக்கும் வடக்கு பார்த்த சைட்டுக்கும் மவுசு அதிகம். இரண்டு பக்கம் ரோடு இருந்தால் ‘கார்னர் சைட்’; விலை இன்னொரு படி ஏறும்.

ஆனால் காசு போவதும் நிலைப்பதும் அளவால் அல்ல, ரகத்தால். முதல் ரகம் ‘பி.டி.ஏ. சைட்’. 1945-இல் தொடங்கிய நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியத்தின் வேலையை, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெங்களூரு வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. ஏற்றுக்கொண்டது. நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை, பூங்கா, வடிகாலுக்கு இடம் விட்டு, மீதியை அது மனைகளாகப் பிரித்து ஒதுக்கும். பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற பொதுத் தேவைக்கு விடப்படுவது ‘சி.ஏ. சைட்’.

இரண்டாவது ரகம் ‘ரெவென்யூ சைட்’. பொம்மனஹள்ளியைச் சுற்றி இதுதான் கதையே. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இன்னும் விவசாய நிலமாகவே இருப்பதை, முறையான நில மாற்றமோ லேஅவுட் அனுமதியோ இல்லாமல் துண்டு போட்டு விற்பதற்குத்தான் இந்தப் பெயர். கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964-இன் 95-ஆவது பிரிவின்படி, விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றப் பொதுவாக டெபுடி கமிஷனரின் ஆணை வேண்டும். பேச்சு வழக்கில் அது ‘டி.சி. கன்வெர்ஷன்’. அது இல்லாத சைட் விலை குறைவாகக் கிடைக்கும். அந்தக் குறைவுக்குக் காரணமும் அதுவே.

இங்கேதான் ‘காத்தா’ வருகிறது. மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் இருக்கும் கணக்கு அது. ஒழுங்கான சொத்துக்கு ஏ காத்தா. விதிமீறல் உள்ள சொத்துக்கும் வரி வாங்குவதற்காகத் தனிப் பதிவேட்டில் எழுதி வைப்பது பி காத்தா. பலர் நினைப்பதுபோல் காத்தா உரிமைப் பத்திரம் அல்ல. தரகரின் பேச்சு இப்படி ஓடும்: “சார், டைட்டில் நூறு பர்சென்ட் கிளியர் சார். இப்போதைக்கு பி காத்தாதான், ஆனா சீக்கிரம் ஏ ஆயிடும். மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷம்.” மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டு, பொம்மனஹள்ளிக்கும் ஒரு நிலையம் வந்துவிட்டதால், கடைசி வாக்கியம் மட்டும் உண்மையாகவே இருக்கலாம்.

காலி சைட்டுகளைச் சுற்றிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். சில கம்பி வேலிகளில் ‘இந்தச் சொத்து விற்பனைக்கு அல்ல’ என்று போர்டு மாட்டியிருப்பார்கள். உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும்போது, போலிப் பத்திரம் காட்டி யாராவது விற்றுவிடக்கூடும் என்ற பயம். விற்கவில்லை என்று விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது.

அரசியலிலும் இந்தச் சொல் அதிர்ந்தது. மைசூர் நகர வளர்ச்சி ஆணையம் சித்தராமையாவின் மனைவிக்கு 14 சைட்டுகளை மாற்று மனையாக ஒதுக்கியிருந்த விவகாரம், சித்தராமையா கர்நாடக முதல்வராக இருந்த 2024-இல் வெடித்து, கடைசியில் மனைவி அவற்றைத் திருப்பி ஒப்படைத்தார். கன்னட ஊடகங்களில் அது ‘சைட்’ விவகாரம் என்றும் அடிபட்டது. எல்லை தாண்டித் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வந்ததும் ‘வீட்டுமனை’ விவகாரம்.

தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் வேறு பெயரில் இருந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, மாநிலம் முழுவதும் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவு முடங்கியது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதியைக் குறிக்கும் ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்ற சொல் விளம்பரங்களில் அவ்வளவு பெரிய எழுத்தில் வருவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

மனை வாங்கியவர் வீடு கட்டத் தொடங்கியதும் அதே சொல் கைமாறுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ‘சைட்’ என்றால் வேலை நடக்கும் இடம். “இன்னைக்கு எந்த சைட்டு மேஸ்திரி?” என்பதுதான் அவர்களுடைய காலை விசாரிப்பு. மேற்கூரைக் காங்கிரீட்டுக்கு இந்த ஊரில் ‘மோல்டிங்’ என்று பெயர். அன்றைக்கு சைட்டில் ஓனர் செலவில் பிரியாணி வர வேண்டும். வராவிட்டால் மேஸ்திரியின் முகம் வாடிவிடும்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் சொல் விமானம் ஏறிவிடுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியின் ஐ.டி. அலுவலகங்களில் ‘ஆன்சைட்’ என்றால் வாடிக்கையாளர் நிறுவனம் இருக்கும் இடத்துக்கே போய் வேலை செய்வது. அந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பதால், ‘ஆன்சைட் போயிட்டான்’ என்பதற்கு ‘வெளிநாடு போயிட்டான்’ என்றே பொருள் நிலைத்துவிட்டது. கல்யாணச் சந்தையிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆன்சைட்டில் சேர்த்த டாலர், திரும்பி வந்ததும் பலருக்கு ஒரு தர்ட்டி ஃபார்ட்டி சைட்டில் இறங்கும். அதைக் கட்டித் தர மேஸ்திரி சைட்டுக்கு வருவார்.

தமிழில் இந்த வேலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இல்லாமல் இல்லை. நிலத்துக்கு மனை, வேலை நடக்குமிடத்துக்குப் பணியிடம். ஆனால் ஓசூர் சாலையின் நெரிசலில் கன்னடர், தமிழர், தெலுங்கர், வடக்கிலிருந்து வந்தவர் என்று எல்லோரும் ஒரே வியாபாரம் பேச வேண்டியிருக்கும்போது, கன்னடத்தின் ‘நிவேசன’மும் தமிழின் ‘மனை’யும் பத்திரத்தோடு நின்றுவிடுகின்றன. பேரம் ‘சைட்’டில்தான் முடிகிறது.

பொம்மனஹள்ளிப் பக்கம் சைட் பார்க்கக் கிளம்பும் தமிழர்கள், விலையைக் கேட்கும் முன் அது எந்த ரக சைட் என்று கேட்டுவிட வேண்டும். தாய்ப்பத்திரம், நில மாற்ற ஆணை, லேஅவுட் அனுமதி, வில்லங்கச் சான்று, இ-காத்தா எனப்படும் மின்னணுக் காத்தா ஆகிய ஐந்தின் நகலையும் வாங்கி, தரகர் கைகாட்டாத ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.