மாதக் கடைசியில் வரும் கிறிஸ்துமஸ்... கையைக் கடிக்காமல் விருந்து வைப்பது எப்படி?

டிசம்பர் 25 மாதத்தின் கடைசி வாரத்தில் வருகிறது. கிறிஸ்துமஸ் பட்ஜெட்டின் சிக்கலே அங்குதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் போனஸ் தீபாவளியோடு முடிந்துவிடும். டிசம்பர் முதல் வாரத்தில் கைக்கு வந்த சம்பளம் வாடகை, மளிகை, ஸ்கூல் வேன் என்று கரைந்திருக்கும். மிச்சத்தில் எல்லோருக்கும் புதுத்துணி, வாசலுக்கு நட்சத்திரம், வீட்டுக்குள் குடில், கேரல் பாட வருபவர்களுக்குக் காணிக்கை. கடைசியாகச் சமையலறைக்கு வரும்போதுதான், `நல்ல நாள் அதுவுமா கறி எடுக்காம இருக்கறதா' என்ற பேச்சு எழும். கைமாற்றோ, கிரெடிட் கார்டோ உள்ளே நுழைவது அந்த இடத்தில்தான்.

கடன் வாங்காமலே கறியும் பிரியாணியும் கேக்கும் உள்ள விருந்தைச் சமைக்க முடியும். மட்டனை எந்த வேளைக்கு, எவ்வளவு வாங்குவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

தாத்தா, பாட்டி, ஊரிலிருந்து வரும் அத்தை குடும்பம் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். மதியப் பிரியாணிக்கு ஒரு கிலோ சீரகச் சம்பாவும் ஒன்றரைக் கிலோ கறியும் தாராளமாகப் போதும். `எதுக்கும் இருக்கட்டும்' என்று இரண்டு கிலோ அரிசி போட்டால், மறுநாள் அது பாத்திரத்தில்தான் கிடக்கும். சொல்லாமல் யாராவது வந்துவிட்டால் சமாளிக்க, பத்து முட்டைகளை அவித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு முட்டை வைத்தால் கறி குறைந்தது தெரியாது. கொஞ்சம் வெள்ளைச் சோறும் ரசமும் இருந்தால், இன்னும் இரண்டு பேரைக்கூட உட்கார வைக்கலாம்.

மட்டன் காலைக்கு, சிக்கன் மதியத்துக்கு

நம் ஊர் கிறிஸ்துமஸ் நாளில் இரண்டு விருந்து உண்டு. அதிகாலை ஆராதனையோ நள்ளிரவுத் திருப்பலியோ முடிந்தபின், காலையில் இட்லியும் கறிக்குழம்பும். மதியம் பிரியாணி. இரண்டுக்குமே மட்டன் என்றால் செலவு எகிறிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், உதாரணத்துக்கு மட்டன் கிலோ 900 ரூபாய், பிராய்லர் சிக்கன் கிலோ 260 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். குழம்புக்கு அரைக் கிலோ, பிரியாணிக்கு ஒன்றரைக் கிலோ என இரண்டு கிலோ மட்டன் வாங்கினால் 1,800 ரூபாய். குழம்புக்கு அரைக் கிலோ மட்டன், பிரியாணிக்கு ஒன்றரைக் கிலோ சிக்கன் என்றால் 840 ரூபாய்தான். கறியில் மட்டுமே 960 ரூபாய் மிச்சம்.

மட்டனைக் குழம்புக்கு ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்த மசாலாவும் சேர்த்தால் அரைக் கிலோ கறியின் ருசி முழுக் குழம்பிலும் இறங்கிவிடும். எட்டுப் பேரும் இட்லியைத் தோய்த்துச் சாப்பிடலாம். அதே அரைக் கிலோவைப் பிரியாணியில் போட்டால், துண்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும். மட்டன் வாங்கும்போது எலும்பும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். நாலைந்து எலும்புத் துண்டுகளை எடுத்து வைத்தால், மதியம் கத்தரிக்காய், பருப்பு, புளிக்கரைசல் சேர்த்து தால்ச்சா வைத்துவிடலாம்.

நான்கு ஞாயிறு, நான்கு பை

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறுகள் உண்டு. ஆலயத்தில் வாரம் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவதுபோல, வாரம் ஒரு பை வாங்குங்கள்.

முதல் வாரம்: சீரகச் சம்பா, பட்டை, கிராம்பு, ஏலக்காய், நெய். இவை கெடாத பொருள்கள்.

இரண்டாம் வாரம்: ரேஷன் கடை. தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. தால்ச்சாவுக்கான பருப்பும் பலகாரம் சுடும் எண்ணெயும் இதிலேயே வந்துவிடும்.

மூன்றாம் வாரம்: பலகாரத்துக்கான மாவு, பயறு, வெல்லம்.

நான்காம் வாரம்: வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, முட்டை. கறியை மட்டும் 24-ம் தேதி மாலையில் வாங்கிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் 25-ம் தேதி காலையில் வாங்குவதே நல்லது.

பெயரில் மட்டும் முந்திரி

டிரை ஃப்ரூட்ஸ் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் வீடு நிறையப் பலகாரம் செய்துவிடலாம். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பே கிடையாது. பச்சைப்பயறை வறுத்துப் பொடித்து, வறுத்த தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றிச் சூட்டோடு உருண்டை பிடிக்க வேண்டும். உருண்டைகள் இறுகியதும் மஞ்சள்தூள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட்டால் கொத்துக்கொத்தாக வரும். அரைக் கிலோ பயறுக்கு, அதைவிடச் சற்றுக் குறைவாக வெல்லம் போதும்.

கேக்கை மட்டும் பேக்கரியில் வாங்குவதென்றால், அரைக் கிலோ பிளம் கேக் வாங்கி மெல்லிசாக நறுக்குங்கள். கூடவே கால் கிலோ மைதாவில் ஒரு சாதா கேக்கை வீட்டிலேயே செய்துவிடலாம். அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மூடி போட்டுச் சூடேற்றி, உள்ளே ஸ்டாண்டு வைத்துக் குறைந்த தீயில் வேகவிட்டால் அவன் தேவையில்லை.

பக்கத்து வீட்டுக்கு என்ன கொடுப்பது?

நல்ல நாளில் அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால், கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும், அந்த மாதம் முழுக்க அசைவம் தொடாதவர்களும் பல வீடுகளில் இருப்பார்கள். பிரியாணி கொடுத்துவிட்டால் அவர்களுக்குச் சங்கடம். கேக்கில் முட்டை இருக்கும். முந்திரிக்கொத்து, முட்டை சேர்க்காத கல்கல், அதிரசம், ஒரு சீப்பு வாழைப்பழம்... இப்படித் தட்டு வைத்தால் எல்லோரும் மனநிறைவாகச் சாப்பிடுவார்கள். பிரியாணியும் வீட்டு ஆட்களுக்குக் குறையாது.

அம்மாவின் உழைப்பும் செலவுதான்

விடியற்காலையில் ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து, புதுப்புடவையை மாற்றிக்கொண்டு அடுப்படியிலேயே நாளைக் கழிக்கிறார்கள் பல அம்மாக்கள். 24-ம் தேதி மாலையே வெங்காயம் நறுக்குவது, பூண்டு உரிப்பது, மசாலா அரைப்பது எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். சிக்கனைத் தயிரிலும் மசாலாவிலும் பிரட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் ஒரு மணி நேர வேலைதான். அத்தை வரும்போது `இனிப்பு நீங்க கொண்டு வாங்க' என்று உரிமையோடு சொல்வதிலும் தப்பில்லை.

இன்னொரு விஷயம். 25-ம் தேதியோடு செலவு முடிவதில்லை. 31-ம் தேதி இரவு ஆராதனை, புத்தாண்டு, பிறகு பொங்கல் விடுமுறைப் பயணம் என்று வரிசையாகக் காத்திருக்கின்றன. மட்டனில் மிச்சம் பிடித்த அந்த 960 ரூபாயை ஒரு கவரில் போட்டு, `புத்தாண்டு' என்று எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். ஜனவரி ஒன்றாம் தேதிக் குழம்புக்கு இன்னொரு அரைக் கிலோ மட்டன் அதிலேயே வந்துவிடும்.