மண்ணுக்கு முதல் துளி

பிரயாணிகள் பல தேசங்களுக்குப் போவது காட்சிகளைக் காண்பதற்காக. போன சமயம் திருவிழாக் காலமாக அமைந்துவிட்டால், அதையும் ஓர் உபரி லாபமாகக் கருதிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், கடற்கரையே இல்லாமல் வானத்துக்கு அருகில் அமைந்திருக்கும் பொலிவியா தேசத்தில் இவ்விரண்டையும் இப்படிப் பிரித்துவைப்பது இயலாத காரியம். அங்கே உயர்ந்த சிகரம் ஒவ்வொன்றும் ஒரு குலதெய்வம். மண் என்பது பச்சமாமா என்னும் தாய். ஏரிக்கும் சுரங்கத்துக்கும் அதனதன் அதிதேவதை உண்டு. இவற்றிடம் பெற்றுக்கொண்டதற்குக் கைம்மாறு செய்வதற்கென்றே விழாக்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஆகையால், நிலத்தை அறியாதவருக்கு விழா வெறும் வேடிக்கையாகிவிடும். விழாவை அறியாதவருக்கு நிலம் வெறும் படமாகிவிடும்.

பொலிவியாவின் மேற்குப் பாகத்தில் ஆண்டீஸ் மலைத்தொடர் இரு கிளைகளாகப் பிரிந்து செல்ல, அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 12,000 அடி உயரத்தில் அல்ட்டிப்பிளானோ என்னும் பீடபூமி விரிந்து கிடக்கிறது. திபெத்துக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய உயர்பீடபூமி இதுதான். மரங்கள் அருகிய அப்பிரதேசத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் மஞ்சள் பூத்த முரட்டுப் புல்லும், அதை மேய்ந்து திரியும் லாமா, அல்பாக்கா மந்தைகளும், தொடுவானத்தில் பனிமுடி தரித்த சிகரங்களும் தவிர வேறொன்றும் இராது. பகலில் வெயில் தோலைச் சுடும். சூரியன் மறைந்த சற்றைக்கெல்லாம் குளிர் எலும்பை ஊடுருவும்.

இப்பீடபூமியின் விளிம்பிலே நிலம் திடீரென்று தாழ்ந்து உண்டான பள்ளத்தாக்கில், அரசாங்கம் நடைபெறும் நகரமாகிய லா பாஸ் அமைந்திருக்கிறது. சாசனப்படி தலைநகரம் என்ற கௌரவம் சுக்ரே நகரத்துக்கு உரியது. விமான நிலையமோ மேலே, 13,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், எல் ஆல்ட்டோ என்னும் நகரத்தில் இருக்கிறது. அங்கே வந்திறங்கியவருக்கு முதல் இரண்டொரு நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் தூக்கமின்மையும் நேர்வது சகஜம். அவ்வூரார் இதைச் சொரோச்சே என்று சொல்லி, கோக்கா இலை போட்ட வெந்நீரைக் கொடுத்து, மெல்ல நடக்கவும் அளவாக உண்ணவும் புத்தி சொல்லுவார்கள். அந்த இலை அங்கே அன்றாட வழக்கத்திலுள்ள பானமும் பூஜைத் திரவியமும் ஆகும்; பல தேசங்களில் அதற்குத் தடை இருப்பதால், திரும்பும்போது பையில் ஓர் இலைகூட இல்லாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

2014-ஆம் ஆண்டு முதல் லா பாஸையும் எல் ஆல்ட்டோவையும் கம்பி வழிப் பெட்டிகள் இணைத்து வருகின்றன. மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் செங்கல் வீடுகளுக்கு மேலாக அப்பெட்டியில் அமர்ந்து மிதந்து செல்கையில், ஊருக்கு அப்பால் 21,000 அடி உயர்ந்து நிற்கும் இல்லிமானி சிகரத்தின் வெண்மை கண்ணை நிறைக்கும். கூடவே அமர்ந்திருப்பவர்களில், கொசுவங்கள் நிறைந்த பாவாடையும் வட்டத் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாக அய்மாரா இனப் பெண்களைக் காணலாம். அத்தேசத்துப் பழங்குடிகள் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடைத்ததே 1952-ஆம் வருஷத்துப் புரட்சிக்குப் பிறகுதான். 2009-ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றுக்கொண்டது. விழாக்களில் இன்று காணப்படும் பெருமிதத்துக்குப் பின்னால் இந்தச் சரித்திரமும் இருக்கிறது.

லா பாஸிலிருந்து வடமேற்கே சென்றால், பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் டிட்டிகாகா ஏரி எதிர்ப்படும். 12,500 அடி உயரத்தில் 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் அந்த நீலப் பரப்பிலிருந்துதான் சூரியன் முதன்முதலில் உதித்தான் என்பது இன்கா மக்களின் புராணம். அவன் பெயரால் அழைக்கப்படும் தீவும் அங்கே உண்டு. கரையிலுள்ள கோப்பகபானா ஊர்க் கோயிலில், பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கோ டிட்டோ யுபாங்கி என்னும் பழங்குடிச் சிற்பி செதுக்கிய மாதாவின் திருவுருவம் எழுந்தருளியிருக்கிறது. புதிதாக வாங்கிய மோட்டார் வண்டிகளை அக்கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, பூவும் வண்ணத் தாளும் சுற்றி அலங்கரித்து, பாதிரியாரிடம் தீர்த்தம் பெற்று, பின்பு சக்கரத்தடியில் மதுவைத் தெளித்துப் பச்சமாமாவுக்கும் பங்கு கொடுத்துவிட்டுத்தான் ஜனங்கள் ஓட்டிச் செல்லுகிறார்கள். இரண்டு சமயங்களும் அங்கே ஒரே வாசலில் சண்டையில்லாமல் நிற்கின்றன.

இப்பிரதேசத்து மக்கள் நிலத்தோடு எவ்வளவு நெருங்கி வாழ்கிறார்கள் என்பதற்குச் சுன்யோ என்னும் உலர்கிழங்கு ஒன்றே போதும். உருளைக்கிழங்கை முதன்முதலாகப் பயிராக்கியவர்கள் இந்த ஏரியைச் சூழ்ந்த மலைநாட்டவர்களே. கடுங்குளிர் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்குகளைப் புல்லின்மேல் பரப்பி இரவெல்லாம் உறையவிடுவார்கள். பகல் வெயிலில் அவை இளகியதும் சிறு சிறு குவியல்களாகச் சேர்த்து, ஆணும் பெண்ணும் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, தோலையும் கழற்றிவிடுவார்கள். சில நாட்கள் இவ்விதம் உறைந்தும் உலர்ந்தும் கறுத்துச் சுருங்கிய கிழங்கு, கூழாங்கல்லைப் போல் இறுகிப் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். பயிரைக் கொல்லும் அதே பனியையும் அதே வெயிலையும் கொண்டு பஞ்சத்துக்குச் சேமிப்பு உண்டாக்கிய அந்த யுக்தியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

தெற்கே செல்லச் செல்ல நிலத்தின் கோலம் மாறிக்கொண்டே வரும். 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரே வெள்ளைப் பரப்பாகக் கிடக்கும் உயூனி உப்புவெளி, புராதன ஏரிகள் வற்றியதால் உண்டானது. மழையற்ற மாதங்களில் அதன் தரை அறுகோணப் பாளங்களாக வெடித்து, பாளத்தின் விளிம்புகள் சிறு வரம்புகளாக உயர்ந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச்சு வரையில் மழை நீர் சில விரற்கடை ஆழத்துக்குத் தேங்கி நிற்கும்போதோ, மேகமும் வானமும் காலடியில் பிரதிபலித்து, தொடுவானம் எங்கே என்பது தெரியாமல் போகும். ஓரத்தில் கொல்சானி என்னும் சிற்றூரார் உப்பைச் சுரண்டி, நீர் வடிவதற்காகச் சிறு கூம்புகளாகக் குவித்து வைக்கிறார்கள். வடகரையில் நிற்கும் டுனுபா என்னும் எரிமலையை மக்கள் ஒரு தாயாகவே பாவிக்கிறார்கள். அவளுடைய கண்ணீரும் முலைப்பாலும் கலந்து பரவி உலர்ந்ததே இந்த உப்பு என்பது அவர்கள் கூறும் கதை. உப்புவெளிக்கும் தெற்கே, பாசியினால் செந்நிறம் பெற்ற லகுனா கொலராடா ஏரியில் பிளமிங்கோ நாரைகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன.

இத்தகைய நிலத்தின் நடுவே, 12,000 அடி உயரத்தில், ஓருரோ என்னும் சுரங்க நகரம் இருக்கிறது. மற்ற நாட்களில் அதன் தெருக்களில் பிரயாணியை நிறுத்தி வைக்கக்கூடிய அழகு அதிகமில்லை. ஆனால் கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்திய சனிக்கிழமையன்று, பிப்ரவரியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ, அந்நகரம் முழுவதும் நடன அரங்காகிவிடுகிறது. ஏறக்குறைய 50 குழுக்களைச் சேர்ந்த 28,000-க்கு மேற்பட்ட நடனக்காரர்களும் 10,000 வாத்தியக்காரர்களும் நான்கு கிலோமீட்டர் தூரம் ஆடிக்கொண்டே செல்லும் அந்த ஊர்வலம், இருபது மணி நேரம் இடைவிடாமல் நடக்கும். மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் இதை 2001-ஆம் ஆண்டில் பிரகடனம் செய்தது.

விழாவின் வேர் ஸ்பானியர் வருகைக்கும் முந்தியது. ஓருரோ, உரு என்னும் பழங்குடியினருக்குப் புண்ணிய ஸ்தலம். மலைத் தெய்வமான வாரி கோபங்கொண்டு பாம்பையும் தேரையையும் பல்லியையும் எறும்புப் படையையும் அவர்கள்மேல் ஏவினான் என்றும், ஓர் இளவரசி தோன்றி அவற்றை அழித்து மக்களைக் காத்தாள் என்றும் ஐதிகம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானியர் பழைய சடங்குகளைத் தடை செய்தனர். மக்களோ தங்கள் தெய்வங்களைக் கிறிஸ்தவத் திருவுருவங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்து வழிபடலாயினர். காத்த இளவரசியின் இடத்தில் சுரங்க மாதா வந்து அமர்ந்தாள். சுரங்கத்தின் இருளுக்கு அதிபதியான தெய்வத்தைப் பாதிரிமார் சாத்தான் என்று சொல்ல, சுரங்கத் தொழிலாளர்கள் அவனை மாமன் என்னும் முறைப்பெயரால் அழைத்து, கொம்பு வைத்த களிமண் உருவமாக உள்ளே நிறுவி, கோக்கா இலையும் சுருட்டும் சாராயமும் படைத்து வருகிறார்கள். 'எங்கள் உயிரைக் காப்பாற்று; உலோகத்தைக் காட்டு' என்பதே அவனிடம் அவர்கள் செய்யும் பிரார்த்தனை.

ஊர்வலத்தின் உயிரான டியாப்லாடா என்னும் பிசாச நடனத்தில் அந்த மாமனே பூமியின் கர்ப்பத்திலிருந்து வெளியே வந்து ஆடுகிறான் என்று கொள்ளலாம். நடனக்காரரின் முகமூடியை அருகிலிருந்து பார்த்தால், முறுக்கிய கொம்புகளும் பிதுங்கிய கண்களும் கோரைப் பற்களுமாகிய அந்த முகத்தின்மேல் பாம்பும் தேரையும் பல்லியும் ஊர்ந்து செல்வது தெரியும். வாரி ஏவிய அதே ஜந்துக்கள் இவை. மிக்கேல் தேவதூதர் வேடம் பூண்டவர் வாளேந்தி முன்னே ஆடிப் பிசாசப் படையை அடக்கி நடத்துவார். அதை அடுத்து வரும் மொரெனாடா நடனத்தில், கனத்த சரிகை ஆடையும் கருத்த முகமூடியும் தரித்தவர்கள் கையில் கறகறவென்று ஒலிக்கும் கருவிகளைச் சுழற்றிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடப்பது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் துயரத்தை நினைவூட்டுவது என்பர்.

இவ்வளவு பாரத்தையும் சுமந்து, மூச்சுக்கே முட்டுப்பாடான அந்த உயரத்தில் மணிக்கணக்காக ஆடி வருகிறவர்கள், ஒரு பழைய சுரங்கத்தின் வாயிலில் எழுப்பப்பட்ட மாதா கோயிலை அடைந்ததும் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழந்தாளிட்டு, மெல்ல மெல்ல நகர்ந்து சந்நிதிக்குச் செல்கிறார்கள். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழியும் அம்முகங்களைக் காணும்போதுதான் ஆட்டம் முழுவதும் ஒரு நேர்த்திக்கடன் என்பது விளங்குகிறது. மாதாவுக்கு மூன்று ஆண்டுகள் ஆடுவதாக நேர்ந்துகொள்வது அங்கே வழக்கம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஊர்வலம் ஓய்ந்த நகரத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் வண்ணத் தாள் சுற்றி, பூ இறைத்து, மூலைக்கு மூலை மதுவைத் தெளிக்கிறது. சால்யா என்னும் இச்சடங்கில் முதல் துளி மண்ணுக்கு; மிச்சந்தான் மனிதருக்கு.

பெற்றதைப் பகிர்ந்துகொள்ளும் இந்தத் தர்மம் அவர்களுடைய சங்கீதத்திலும் ஊறியிருக்கிறது. நாணற் குழல்களை வரிசையாகக் கட்டிய சிக்கு என்னும் வாத்தியத்தில் ஸ்வரங்கள் இரண்டு கருவிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். ஒருவர் ஒரு ஸ்வரத்தை ஊதி நிறுத்த, எதிரே நிற்பவர் அடுத்ததை ஊத, இருவருடைய மூச்சும் மாறி மாறிக் கோத்துக்கொண்டு ஒரே ராகமாக எழும். எத்தனை வல்லவனாயினும், அவற்றில் ஒரு கருவியை மட்டும் கொண்டு அந்தப் பாட்டை முழுமையாக ஊத முடியாது.

மற்ற விழாக்களையும் பஞ்சாங்க முறையில் நினைவில் வைத்துக்கொள்வது பிரயாணிக்கு உதவும். ஜனவரி 24-ஆம் தேதி லா பாஸ் நகரத்தில் அலசிட்டா சந்தை கூடும். வீடு, வண்டி, பணக்கட்டு, பட்டச் சான்றிதழ் என்று அவ்வாண்டில் எதை விரும்புகிறார்களோ அதன் சிற்றுருவை நண்பகலில் வாங்கி ஆசி பெற்று, ஏகேக்கோ என்னும் செல்வ தெய்வத்திடம் ஒப்படைப்பார்கள். மார்ச்சு மாதத்தில் தரபூக்கோ ஊரார், 1816-இல் ஸ்பானியப் படையை வென்ற போரின் நினைவாக, காயும் கனியும் ரொட்டியும் தொங்கவிட்ட உயர்ந்த பந்தலைச் சுற்றி ஆடுவார்கள். ஜூன் 21-ஆம் தேதி, தியவனாக்கு என்னும் புராதன நகரத்தின் இடிபாடுகளுக்கிடையே உறைபனியில் இரவு முழுவதும் காத்திருந்து, உதய சூரியனின் முதற்கதிரை விரித்த உள்ளங்கைகளில் ஏந்தி அய்மாரா மக்கள் புத்தாண்டை வரவேற்பார்கள்.

இந்நிலம் கொடுத்தது கொஞ்சமன்று. 1545-இல் பொட்டோசியில் கண்டுபிடிக்கப்பட்ட வெள்ளி மலை ஸ்பானியப் பேரரசின் கஜானாவை நிரப்பியது. அதைத் தோண்டிய பழங்குடிகளுக்குக் கிடைத்தது கட்டாய உழைப்பும் அகால மரணமும். சிலி தேசத்தோடு 1879-இல் மூண்ட யுத்தத்தில் கடற்கரையும் பறிபோயிற்று. உரு மக்கள் மீன்பிடித்து வாழ்ந்த பூப்போ ஏரி, நீர் வேறு வழியில் திருப்பப்பட்டதாலும் வெப்பம் கூடியதாலும் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் வறண்டுவிட்டது. இப்போது உயூனி உப்பின் அடியிலுள்ள லித்தியத்தை உலகம் நாடி வருகிறது. எடுப்பவர் எத்தனையோ பேர். எடுத்ததற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணி ஆண்டுதோறும் ஆடுகிறவர்கள் அந்த மலைநாட்டு ஜனங்கள் மட்டுமே.

ஆகையால், பொலிவியாவுக்குச் செல்ல விரும்புகிறவர்கள் முதலில் ஒரு விழா நாளைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி மற்றக் காட்சிகளை வகுத்துக்கொள்வது நலம். ஓருரோ விழாவுக்குப் போகிறவர்களுக்கு உயூனியின் நீர்க்கண்ணாடியையும் அதே பருவத்தில் காணும் பாக்கியம் கிட்டும். விடுதிக்கும் ஊர்வலத்தைக் காணும் ஆசனத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விழாவில் பிள்ளைகள் விளையாட்டாக வீசும் தண்ணீருக்கும் நுரைக்கும் முகம் சுளிக்காமல் நனையத் துணிய வேண்டும். வழிபடுகிறவர்களைக் கேளாமல் படம் எடுப்பது தகாது. உணவையும் துணியையும் ஊராரிடமே வாங்குவது மரியாதை. மது நிரம்பிய கோப்பையை எவரேனும் நீட்டினால், குடிக்காதவராயினும் அதைக் கையில் வாங்கி, முதல் துளியை மண்ணில் சிந்திவிட்டு நன்றியோடு திருப்பிக் கொடுக்கலாம். அந்தச் சிறு செய்கையினால் வேடிக்கை பார்க்க வந்தவர் விருந்தாளியாகிறார். விருந்தாளிக்குத்தான் அந்த மலைகளும் அந்த ஆட்டங்களும் தங்கள் முழு அழகையும் காட்டும்.