கட்டி முடிப்பதற்குள் கலையும் அணிகள்

சரிந்த பெருமையை மீட்கப் போராடிய இரண்டு அமெரிக்கக் கல்லூரி அணிகள் 2024 டிசம்பரில் நியூயார்க்கில் மோதின. கோப்பை சிறியது. ஆனால் அது எழுப்பிய கேள்வி பெரியது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள யாங்கி ஸ்டேடியம் பேஸ்பால் ரசிகர்களுக்குக் கோயில் மாதிரி. டிசம்பரில் அங்கே பேஸ்பால் கிடையாது. மைதானத்தில் புதிய வெள்ளைக் கோடுகள் போட்டு, இரு முனைகளிலும் கம்பங்கள் நட்டு, அமெரிக்க கால்பந்துக்குத் தயார் செய்துவிடுவார்கள். 2010 முதல் நடந்துவரும் இந்த ஆட்டத்துக்கு பின்ஸ்ட்ரைப் பவுல் என்று பெயர். யாங்கி பேஸ்பால் அணியின் மெல்லிய கோடு போட்ட சீருடையிலிருந்து வந்த பெயர் அது. விளம்பரதாரர் புல் வெட்டும் இயந்திரம் தயாரிக்கும் ஒரு கம்பெனி.

2024 டிசம்பர் 28 நண்பகலில் அங்கே இறங்கவிருந்தவை நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியும் பாஸ்டன் கல்லூரி அணியும். அந்த சீசனின் 12 ஆட்டங்களில் நெப்ராஸ்கா ஆறில் வென்று ஆறில் தோற்றிருந்தது. பாஸ்டனுக்கு ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணிகளின் சுற்றில் இரண்டுக்கும் இடமில்லை. வென்றாலும் தோற்றாலும் அட்டவணையில் எதுவும் மாறப்போவதில்லை. இருந்தும் சுமார் 2,000 கி.மீ. தள்ளியிருக்கும் ஒரு மாநிலத்தில் அந்தத் தேதியைப் பல வாரங்களுக்கு முன்பே காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தார்கள்.

அமெரிக்க கால்பந்து பெயரில்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். கல்லூரிகள் ஆடும் இந்த ஆட்டத்துக்குத் தொழில்முறை ஆட்டத்துக்கு நிகரான வெறி உண்டு. சீசன் முடிந்ததும் வெவ்வேறு பிராந்திய அணிகளை மோதவிடும் வழக்கம் 1902இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் தொடங்கியது. பிறகு அங்கே கட்டப்பட்ட கிண்ண வடிவ ஸ்டேடியத்தின் பெயரால் அது ரோஸ் பவுல் ஆனது. ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த இந்த பவுல் ஆட்டங்கள் இன்று சுமார் 40. பாதி ஆட்டங்களில் வென்றாலே பொதுவாக அழைப்பு வந்துவிடும். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் பல ஆண்டுகளாக அந்தப் பாதியைக்கூட எட்டாதவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நெப்ராஸ்காவுக்கு நன்றாகவே தெரியும். 1969 முதல் 2003 வரை தொடர்ந்து 35 ஆண்டுகள் பவுல் ஆட்டத்துக்குப் போன அணி அது. ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றது. அதில் மூன்று 1994, 1995, 1997 ஆண்டுகளில் டாம் ஆஸ்பர்ன் காலத்தில் வந்தவை. 25 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து 255 வெற்றிகள் குவித்த ஆஸ்பர்னை, பிறகு மாநில மக்கள் நாடாளுமன்றத்துக்கே அனுப்பிவைத்தார்கள். சுமார் 20 லட்சம் பேர் வாழும் இந்த விவசாய மாநிலத்தில் தொழில்முறை கால்பந்து அணி கிடையாது. லிங்கன் நகரில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்திருப்பதாகக் கணக்கு. ஆட்ட நாளில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய 'நகரம்' அந்த ஸ்டேடியம்தான்.

சரிவும் அதே அளவுக்குப் பெரியது. 2003இல் ஒன்பது ஆட்டங்களில் வென்ற பயிற்சியாளர் பிராங்க் சோலிச்சை, அது போதாது என்று நீக்கினார்கள். அதன் பிறகு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஆஸ்பர்னின் கடைசிப் பட்டத்தை வென்ற அணியின் குவார்ட்டர்பேக்கும் மண்ணின் மைந்தருமான ஸ்காட் ஃப்ராஸ்ட் 2018இல் மீட்பராக வந்து சேர்ந்தார். 47 ஆட்டங்களில் 16 வெற்றி, 31 தோல்வி. 2021இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிகளுக்கும் குறைவு. வெற்றியின் வாசலில் தடுக்கி விழுவது அணியின் இயல்பாகவே ஆகிவிட்டது. 2022 செப்டம்பரில் அவரை வெளியேற்றினார்கள். சில வாரங்கள் பொறுத்திருந்தால் நஷ்டஈட்டில் பாதி மிச்சமாகியிருக்கும். அதற்குக்கூட நிர்வாகத்துக்குப் பொறுமை இல்லை. 2017 முதல் 2023 வரை ஏழு சீசன்கள் பவுல் இல்லாமலே கழிந்தன.

பாஸ்டன் கல்லூரியின் கதை வேறு மாதிரி. சென்னையில் லயோலா கல்லூரியை நிறுவிய அதே ஏசு சபையினர் 1863இல் தொடங்கிய கல்வி நிலையம் இது. அதன் கால்பந்துப் புகழ் ஒரே ஒரு எறியில் அடங்கியிருக்கிறது. 1984 நவம்பர் 23 அன்று மயாமிக்கு எதிராக, நேரம் முடியும் தறுவாயில் டக் ஃப்ளூட்டி வானத்தை நோக்கி எறிந்த பந்து சக வீரரின் கைகளில் விழ, பாஸ்டன் 47-45 என்று வென்றது. அதன் பிறகு கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடியதைப் பார்த்து 'ஃப்ளூட்டி விளைவு' என்ற சொல்லே பிறந்தது. 2007இல் மாட் ரயன் தலைமையில் தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனார்கள். ஆனால் பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, தொழில்முறை கால்பந்து என நான்கிலும் பெரிய அணிகள் வைத்திருக்கும் நகரத்தில் கல்லூரி அணி தோற்றாலும் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. நெப்ராஸ்காவுக்கு எதிர்பார்ப்பு பாரம் என்றால், பாஸ்டனுக்கு அலட்சியம் பாரம்.

இரண்டு வீடுகளையும் செப்பனிட வந்தவர்கள் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லில் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்து திரும்பியவர்கள். நியூயார்க்கில் பிறந்த மாட் ரூல் சரிந்த அணிகளை நிமிர்த்துவதில் பேர்போனவர். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு 2 வெற்றி, இரண்டாம் ஆண்டு 6, மூன்றாம் ஆண்டு 10. பேலரில் 1, 7, 11. எட்டு ஆண்டுகளுக்கு 7.4 கோடி டாலர் கொடுத்து நெப்ராஸ்கா அவரை அழைத்து வந்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். முதல் ஆண்டான 2023இல் ஐந்து வெற்றி, இரண்டாம் ஆண்டில் ஆறு. எனவே பின்ஸ்ட்ரைப் பவுல் வெறும் ஆட்டமல்ல, எல்லோரும் காத்திருந்த மூன்றாம் ஆண்டின் முன்னோட்டம்.

பாஸ்டனின் பில் ஓ'பிரையன் உள்ளூர்க்காரர், டார்செஸ்டரில் பிறந்தவர். 2024 தொடக்கத்தில் ஓஹியோ ஸ்டேட் அணியில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்கூட ஆகாத நிலையில், பாஸ்டன் பயிற்சியாளர் ஜெஃப் ஹாஃப்லி என்.எஃப்.எல்லுக்குப் போய்விட, அந்த நாற்காலிக்கு வந்தார். தலைமை நாற்காலியிலிருந்த ஒருவர் அதை விட்டுவிட்டு ஓர் என்.எஃப்.எல். அணியில் உதவிப் பயிற்சியாளராகப் போனதே கல்லூரி ஆட்டம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று அப்போது பேசப்பட்டது. ஓ'பிரையனின் முதல் ஆட்டமே அமர்க்களம். முந்தைய ஆண்டின் பிராந்திய சாம்பியனான ஃப்ளோரிடா ஸ்டேட்டை அதன் ஊரிலேயே 28-13 என்று வீழ்த்தினார்.

களத்தில் யாருக்குச் சாதகம்? நெப்ராஸ்காவின் நம்பிக்கை டிலன் ரயோலா. முதலாமாண்டு மாணவரான இந்த குவார்ட்டர்பேக்கின் தந்தை டாமினிக்கும் நெப்ராஸ்காவின் முன்னாள் வீரர். சீசனின் முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்ற அணி, இண்டியானாவிடம் 56-7 என்று சிதைந்தது. தொடர்ந்து நான்கு தோல்விகள். நவம்பரில் தாக்குதல் பொறுப்பு டானா ஹோல்கர்சனிடம் போனது. விஸ்கான்சினை 44-25 என்று வென்று ஆறாவது வெற்றியைத் தொட்டார்கள். அடுத்த வாரமே அயோவாவிடம் கடைசி விநாடி உதையில் 13-10 என்று தோற்றார்கள். பழைய வியாதி குணமாகவில்லை.

பாஸ்டன் பக்கம் குவார்ட்டர்பேக்கே மாறிப்போயிருந்தார். ஃப்ளோரிடா ஸ்டேட்டை வென்ற தாமஸ் காஸ்டெலானோஸ் நவம்பரில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டதும் அணியை விட்டே விலகினார். அவர் இடத்தில் கிரேசன் ஜேம்ஸ். இருவருமே வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். தற்காப்பில் டோனவன் எஸிருவாக்கு அந்த சீசனில் எதிரணி குவார்ட்டர்பேக்கை மடக்கிய கணக்கு 16.5. பிராந்தியத்தின் சிறந்த தற்காப்பு வீரர் அவர்தான். ஆனால் என்.எஃப்.எல். வாசலில் நிற்கும் ஒருவர் பட்டம் இல்லாத ஆட்டத்தில் காலைப் பணயம் வைக்க வேண்டுமா? 2016இல் கிறிஸ்டியன் மக்காஃப்ரியும் லியனார்ட் ஃபோர்னெட்டும் தங்கள் அணிகளின் பவுல் ஆட்டத்தைத் தவிர்த்ததிலிருந்து இதற்கான பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதுதான். நெப்ராஸ்காவிலும் ஓட்டை இருந்தது. அதன் தற்காப்புப் பயிற்சியாளர் டோனி ஒயிட் அதே மாதம் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இங்கேதான் அணிகளைக் கட்டுவது என்பதன் பொருளே மாறிவிட்டது. முன்பெல்லாம் பயிற்சியாளர் பதினெட்டு வயதுப் பையன்களைச் சேர்த்து நான்கு ஆண்டுகள் வளர்ப்பார். கல்லூரி மாற நினைத்தால் ஒரு சீசன் சும்மா உட்கார வேண்டும். 2018இல் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021இல் உட்கார வேண்டிய தண்டனை நீங்கியது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் சம்பாதிக்கும் உரிமை கிடைத்தது. நியாயமான உரிமைதான். பயிற்சியாளர்கள் கோடிகளோடு ஊர் மாறும்போது ஆடுகிறவன் மட்டும் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்? ஆனால் விளைவு, 2024 வரை ஒவ்வொரு டிசம்பரும் சந்தை மாதமாக இருந்தது. 2024 குளிர்காலப் பதிவு டிசம்பர் 9இல் திறந்து 28இல் மூடியது. அதாவது, பின்ஸ்ட்ரைப் பவுல் நடந்த அதே நாளில். அன்றே லூசியானாவில் நடந்த இண்டிபெண்டன்ஸ் பவுலில் ஆட வேண்டிய மார்ஷல் அணி, வீரர்கள் கூட்டமாக வெளியேறியதால் ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது.

அப்படியும் பயிற்சியாளர்கள் இந்த ஆட்டத்தை விரும்பக் காரணம் உண்டு. பவுலுக்குத் தேர்வான அணிக்கு டிசம்பரில் கூடுதலாகச் சுமார் 15 நாள் பயிற்சி கிடைக்கும். மூத்தவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் இளையவர்கள் ஓடிப் பழகுவார்கள். ஏழு சீசன்களாக நெப்ராஸ்கா இழந்தது கோப்பைகளை மட்டுமல்ல, இந்த நாட்களையும்தான்.

ஆட்டம் எதிர்பார்த்தபடியே நடந்தது. நெப்ராஸ்கா பெரிய முன்னிலை எடுத்தது. கடைசிக் கால் பகுதியில் பாஸ்டன் நெருங்கி நெருங்கி வந்தது. லிங்கன் வீடுகளில் பழைய பயம் தலைகாட்டியிருக்கும். இம்முறை மட்டும் தடுக்கி விழவில்லை. 20-15. 2015க்குப் பிறகு முதல் பவுல் வெற்றி, 2016க்குப் பிறகு தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமான முதல் சீசன்.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். 2025 ஏப்ரலில் எஸிருவாக்குவை டல்லஸ் கவ்பாய்ஸ் எடுத்துக்கொண்டது. ஃப்ளோரிடா ஸ்டேட்டில் சேர்ந்த காஸ்டெலானோஸ், ஆகஸ்டில் அலபாமாவை 31-17 என்று வீழ்த்திய அணியை வழிநடத்தினார். பாஸ்டன் 2025 சீசனில் வென்றது இரண்டே ஆட்டங்கள், தோற்றது பத்து. கட்டடம் அடித்தளத்துக்கே திரும்பியது. நெப்ராஸ்கா ரூலின் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்தது. ஆனால் நவம்பரில் கால் எலும்பு முறிந்த ரயோலா, சீசன் முடிந்ததும் ஓரிகனுக்குப் போய்விட்டார். எல்லோரும் காத்திருந்த மூன்றாம் ஆண்டு, லாஸ் வேகாஸ் பவுலில் யூட்டாவிடம் பட்ட தோல்வியோடு ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்று முடிந்தது. அதாவது, முந்தைய ஆண்டின் அதே கணக்கு.

2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி முதல் ஆண்டின் உச்ச வரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர். பணம் உள்ள வீடு ஒரே குளிர்காலத்தில் மாடி எழுப்பலாம். அதே வேகத்தில் அது காலியாகவும் செய்யலாம். எனவே, 'புனரமைப்பில் இருக்கும் இரு அணிகள்' மோதும் பவுல் ஆட்டத்தைப் பார்த்து எதிர்காலத்தைக் கணிப்பது இனி வீண் வேலை. களத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆகஸ்டில் அதே சட்டையில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பயிற்சியாளர் போகிறார், வீரர் போகிறார். போகாமல் இருப்பது ஒரே ஒரு தரப்பு. 1962இலிருந்து ஒரு இருக்கையையும் காலியாக விடாத லிங்கன் நகர ரசிகர்கள்தான் அந்தத் தரப்பு. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஒரு சிறிய கிண்ணத்தை அவர்கள் பெரிய வரமாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. அணியில் மிச்சமிருக்கும் நிரந்தரம் அவர்கள் மட்டும்தான்.