பொறி பறக்காத பாடி ஷாப்!

கார் ஆலையின் பாடி ஷாப் என்றாலே பொறிமழைதான்! ஸ்பாட் வெல்டிங் ரோபோ குனிந்து கடிக்கும், நெருப்பு தெறிக்கும். ஆனால் அலுமினியமும் எஃகும் கைகோக்கும் மூலையில் ஒரு பொறிகூடக் கிடையாது. எட்டிப் பார்ப்போமா?

திருவள்ளூர் மாவட்டத்துக் கே.ஜி.கண்டிகைக்காரர்களுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸின் ரூ.9,000 கோடி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள், ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே உருவாகும் என்ற அறிவிப்போடு. அந்த ஜாகுவார்தான் 2003-ல் எக்ஸ்ஜே காரின் உடம்பையே அலுமினியத்தில் செய்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டாலும் பசையாலும் சேர்த்தது!

அலுமினியத்தை எஃகோடு ஏன் உருக்கி ஒட்டக்கூடாது? அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். எஃகுக்கு 1,400-ஐத் தாண்ட வேண்டும். அப்படியே கலந்தாலும் நடுவில் இரும்பு-அலுமினியச் சேர்மம் படலமாக வளர்ந்து, பட்டென்று உடையும்.

அதனால் ரிவெட். அதுவும் துளை போடாமலே! பல டன் அழுத்தத்தில், குட்டிக் குழல் போன்ற அந்த ரிவெட் மேல் ஷீட்டைத் தானே துளைக்கும். கீழ் ஷீட்டுக்குள் நுழைந்ததும், அடியில் காத்திருக்கும் டை என்ற அச்சு அதன் காலை அகட்டிவிடும். மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் உள்ளேயே விரிந்து பிடித்துக்கொள்ளும். எல்லாம் ஓரிரு நொடியில்!

அடுத்த வில்லங்கம் பெயின்ட் ஷாப் அடுப்பில். சுமார் 180 டிகிரியில் ஒரு மீட்டர் அலுமினிய ஷீட் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும்; எஃகு அதில் பாதிதான். கணக்குத் தப்பினால் கூரை நெளிந்துவிடும். அதே சூட்டில்தான் இடையில் பூசிய எப்பாக்ஸி பசை இறுகுகிறது. ஈரம் பட்டால் எஃகைத் தொட்ட அலுமினியம் அரித்துப்போகும்; பசை நடுவே நின்று அதையும் தடுக்கிறது.

என் செல்லம் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங், 1991-ல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. ஆய்வகத்தில் பிறந்தது. சுழலும் முள் ஒன்று உலோகத்தை உருக்காமல், கேழ்வரகுக் களி கிண்டுவதுபோல் குழைத்துச் சேர்க்கும். எஃகோடு சேர்க்கும்போது முள் அலுமினியத்துக்குள்ளேயே சுற்றும், எஃகை லேசாக உரசினால் போதும். ஹோண்டா 2012-ல் அக்கார்டின் முன்பக்க சப்ஃப்ரேமை இப்படி இணைத்து எடையைக் கால்வாசி குறைத்தது!

நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு ஆய்வு மையமும் இந்த முள்ளை விடவில்லை. அலுமினியத்தோடு அதைவிட லேசான மக்னீசியத்தைச் சேர்த்து, எந்த வேகம், எவ்வளவு அழுத்தம் என்று மாற்றி மாற்றி, இழுத்து முறித்துப் பார்க்கிறார்கள். முறிவு இணைப்பைத் தொடாமல் பக்கத்து உலோகத்தில் விழுந்தால், அந்த இணைப்பு ஜெயித்துவிட்டது!