பள்ளிப் பையில் குளுக்கோஸ் பொட்டலம்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குப் பள்ளியில் உடனடி ஆபத்து, சர்க்கரை திடீரெனக் குறைவதுதான். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். விளையாட்டு வகுப்புக்குப் பின் இதற்கு வாய்ப்பு அதிகம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைதான். தனியாக எங்கும் அனுப்பவும் கூடாது. (எங்கள் காலத்தில் கார்டு இல்லாமல் வண்டி புறப்படாது!)

பெண் குழந்தையாயிற்றே, நாளைக்குக் கல்யாணம் என்று பள்ளியில் சொல்லாமல் மறைக்கிறார்கள் சிலர். டீச்சருக்கே தெரியாவிட்டால் யார் கவனிப்பது?

பொதுத்தேர்வுக்குக் குளுக்கோஸ் மாத்திரை, சாக்லேட், பழம், தண்ணீர் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதித்தது. டாக்டர் சான்றிதழை முன்கூட்டியே பிரின்சிபாலிடம் கொடுத்துவிடுங்கள்.